பிராக்டன் வீட்டுச் சீழ்க்கை

கர்னல் பிராக்டன் துரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனார் என்று ஆற்றோரத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது சுத்தப் பொய். ஒரு தட்டைச் சாப்பிட்டு முடித்து, இன்னொரு தட்டு கேட்டு, அது வந்து சேர்வதற்குள்தான் செத்தார். அந்த இரண்டாவது தட்டைக் கொண்டுபோனவன் நான். ஆகவே என்னை நம்பலாம். தட்டு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் உடம்புக்கு ஏற்ற பெட்டி தெற்குக் காரலினா முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் நெல் ஏற்றும் படகு ஒன்றில் வைத்து, இன்னொரு படகைக் கவிழ்த்து மூடி, கரையோரமாகப் புதைத்தோம். மறுநாள் கடலேற்றத்தில் ஆறு பொங்கியது. படகு மண்ணைப் பிளந்துகொண்டு மிதந்து சார்ல்ஸ்டன் பக்கமாகக் கிளம்பிவிட்டது. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தானாகவே திரும்பி வந்துவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் ஆற்றைக் கேட்டுக்கொள்ளலாம், அது அங்கேயேதான் ஓடுகிறது.

என் பெயர் மிங்கோ. இப்போது நான் யாருக்கும் சொத்து இல்லை; முழங்கால் வலி ஒன்றுதான் என்னை ஆட்டிவைக்கிற எஜமான். அந்தக் காலத்தில் நான் கர்னல் துரையின் சொத்து. அவர் வீட்டில் பரிமாறுகிறவன். என் பெண்டாட்டி பீனா சமையற்காரி. எங்களுக்கு ஜூனோ என்று ஆறு வயதுப் பெண். கூடவே பீனாவின் அம்மா ஹேகர். மாமியாரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அவர் காதில் விழுந்துவிடும். செத்து ரொம்ப நாளாகிறது என்றாலும் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

எங்கள் பக்கத்தில் சமையற்கட்டை வீட்டோடு ஒட்டிக் கட்டமாட்டார்கள். தீப்பிடித்தால் சமையற்காரி மட்டும் வேகட்டும், வீடு வேக வேண்டாம் என்று தள்ளிக் கட்டுவார்கள். அங்கிருந்து துரைமார் சாப்பிடுகிற அறைக்கு நீளமான நடை ஒன்று உண்டு. அந்த நடையில் தட்டைத் தூக்கி வருகிறவன் சீழ்க்கையடித்துக்கொண்டே வரவேண்டும் என்பது கர்னல் துரையின் சட்டம். சீழ்க்கையடிக்கிற வாய் கோழி தின்னாது என்பது அவர் கணக்கு. ஒரு மூச்சு நின்றாலும் சவுக்கு.

நல்ல சட்டம்தான். ஆனால் அவர் சீழ்க்கையடிக்கத் தெரியாதவர். கோழித் தொடை ஒன்றை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வலது ஓரமாகக் காற்றை விட்டால் குயில் மாதிரி வரும். எலும்பைப் பிரிக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சோகமான பாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சோகப் பாட்டு அடித்தால் விருந்தாளிகள் கண் கலங்குவார்கள்.

அந்த விருந்தாளிகளில் எவராவது, "இது என்ன கர்னல், விசிலோட சாப்பாடு வருது?" என்று கேட்பதுண்டு. என் வேலைக்காரன் என் கோழியைத் தின்றுவிடுவானோ என்று பயம் என ஒரு கர்னல் எப்படிச் சொல்வார்? "இங்கிலாந்தில் எங்கள் முப்பாட்டனார் மாளிகையில் ராஜாவே வந்து சாப்பிட்டபோது இப்படித்தான் பரிமாறினார்கள். அது எங்கள் குலவழக்கம்" என்று சொல்லிவிட்டார். ஒருமுறை சொன்னதைப் பலமுறை சொல்ல வேண்டியதாயிற்று. பெற்ற பிள்ளைகளுக்கும் அதையே சொன்னார். பிள்ளைகள் நம்பினார்கள். எங்களைக் காப்பாற்றியது அந்தப் பொய்தான் என்பதால் கர்னல் துரைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வேறு எதற்கும் இல்லை.

அவர் போனதும் பாகப்பிரிவினைக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மூத்தவர் லூசியஸ், ஒல்லி, முன்கோபி. டெக்ஸாஸில் பருத்தி போட்டுப் பெரிய ஆளாகிவிடுவதாகக் கிளம்பிக்கொண்டிருந்தவர். நடுவில் லவீனியா அம்மாள், சார்ல்ஸ்டனில் கட்டிக்கொடுத்த பெண். குலப்பெருமை பேச ஆரம்பித்தால் குதிரைகூட உட்கார்ந்துவிடும். கடைசி ஹொரேஸ், இந்த வீட்டிலேயே இருக்கப்போகிறவர். அப்பாவின் சொத்தில் அவர் பங்கு வருவதற்கு முன்பே அப்பாவின் வயிறு அவருக்கு வந்துவிட்டது.

பங்கு பிரித்துக் கொடுக்கப் பக்கத்துப் பண்ணை ஹகின்ஸ் துரை வந்தார். முற்றத்தில் மூன்று ஓக் மரங்கள். மரத்துக்கு ஒரு பங்கு. மேசை, நாற்காலி, கோவேறு கழுதை, பியானோ, ஆட்கள் என்று எல்லாவற்றையும் விலை போட்டு மூன்று மரத்தடியிலும் சமமாகப் பிரித்தார். மறுநாள் சீட்டெடுப்பதாக ஏற்பாடு. பீனா முதல் மரம். நான் இரண்டாவது மரம். ஜூனோவும் மாமியாரும் மூன்றாவது மரம். ஹகின்ஸ் துரை கெட்ட மனிதர் இல்லை. எங்களைப் பிரிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. நாற்காலியைப் பிரிக்கும்போது எந்த நாற்காலி எந்த நாற்காலிக்குச் சொந்தம் என்று யாராவது பார்க்கிறார்களா?

சமையற்கட்டுக்குப் போனேன். பீனா மாவை அறைந்துகொண்டிருந்தாள். மாவின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது.

"ஏய்யா, நின்னு வேடிக்கையா பாக்குற? நான் ஒரு மரம், நீ ஒரு மரம், புள்ள ஒரு மரம். நாளைக்குச் சீட்டெடுத்தா ஆளுக்கொரு ஊரு."

"யோசிக்கிறேன் பீனா."

"நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள டெக்ஸாஸே வந்துரும்."

"இன்னைக்கு மத்தியானம் நான் தட்டு தூக்க மாட்டேன்."

"ஏன், கால் ஒடிஞ்சுருச்சா?"

"நான் ரெண்டாம் மரத்துச் சரக்கு. நீ முதல் மரத்துச் சரக்கு. ஒரு பங்குச் சரக்கை இன்னொரு பங்கோட கலக்கக் கூடாதுன்னு ஹகின்ஸ் துரையே சொல்லிட்டாரு. உன் மரத்துல நிக்கிற குவாக்கோ தூக்கட்டும். அவனுக்கு முன்பல்லு கிடையாது. விசில் வராது."

பீனாவின் கை நின்றது. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு உப்பு ஜாடியை எடுத்து எட்டாத அலமாரியில் வைத்தாள்.

"உப்பு போட மறந்தாலும் மறந்துருவேன்," என்றாள். "எனக்கும் வயசாகுதில்ல?"

அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

அன்றைய சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. பீனா எல்லாமே போட்டிருந்தாள். உப்பு, நெய், நெருப்பு இந்த மூன்றைத் தவிர. குவாக்கோ சத்தமில்லாமல் கொண்டுபோய் வைத்தான். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த என் மரத்தடியில் சரக்காக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

"என்ன இது, செங்கல்லா?" என்றார் ஹொரேஸ் துரை. ரொட்டியை நாய்க்கு எறிந்தார். நாய் அதை முகர்ந்துவிட்டு அவரைப் பார்த்து அனுதாபமாக வாலாட்டியது.

"அது இருக்கட்டும், விசில் எங்க?" என்றாள் லவீனியா அம்மாள். "அப்பா மண்ணுக்குள்ள போய் ஒரு வாரம் ஆகல. அதுக்குள்ள குலவழக்கமும் போயிருச்சா?"

பீனாவைக் கூப்பிட்டார்கள். கையை முன்துணிக்குள் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, நான் என்ன பண்றது? இந்த வீட்டு ரொட்டி பாதிதான் அடுப்புல வேகும். மீதி வேக்காடு நடையில வரப்ப விசில்ல வேகும். பெரிய துரை காலத்துலேருந்து பழகின மாவு. இன்னைக்கு விசில் இல்ல, படுத்துருச்சு."

"பைத்தியக்காரத்தனம்," என்றார் ஹகின்ஸ் துரை. "நானே போய் அந்தச் சமையற்கட்டைப் பாத்துட்டு வரேன்."

"மிஸ்டர் ஹகின்ஸ்! சமையற்கட்டுக்கா? நீங்களா?"

லவீனியா அம்மாள் கேட்ட விதத்தில் அவர் எழுந்த வேகத்தைவிட வேகமாக உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊரில் ஒரு துரை சதுப்பு நிலத்துக்குப் போகலாம், சூதாட்டத்துக்குப் போகலாம், அடுத்தவர் மனைவியைப் பார்க்கவும் போகலாம். சமையற்கட்டுக்குள் மட்டும் போகக்கூடாது. போனால் அவர் துரையே இல்லை. அதனால்தான் சோறு எப்படி வேகிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பீனா நிலா வெளிச்சத்தில் வேகிறது என்று சொல்லியிருந்தாலும், மேகமாக இருக்கிற நாளில் என்ன செய்வாய் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு என்னைச் சோதனையாக விட்டார்கள். இறாலும் வெண்டைக்காயும் போட்ட சோறு, வறுத்த கோழி, ரொட்டி. நான் சீழ்க்கையடித்துக்கொண்டு நடையில் வந்தேன். அடக்கமாகச் சொல்கிறேன், அன்று அடித்த மாதிரி நான் அதற்கு முன்பு அடித்ததில்லை. ரொட்டி தட்டிலிருந்து எழும்பிவிடாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வரவேண்டியிருந்தது. ஹகின்ஸ் துரை சாப்பிட்ட சாப்பாட்டில் அவர் சட்டைப் பொத்தான் தெறித்துப்போய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது.

"சரி," என்றார் அவர், வாயைத் துடைத்துக்கொண்டு. "இவனையும் சமையற்காரி மரத்துக்கே மாத்திருங்க. பிரிச்சா ரெண்டுக்கும் விலை போயிரும்."

"துரை," என்றாள் பீனா. "எம் பொண்ணு?"

"அவ எதுக்கு?"

"இவரு விசில் ரொட்டிக்கு, துரை. குழம்புக்கு மெல்லிசா ஒண்ணு வேணும். அது புள்ளைக்குத்தான் வரும்."

ஜூனோவை அழைத்துவந்து நிறுத்தினார்கள். அது உதட்டைக் குவித்து ஓர் ஊது ஊதியது. லவீனியா அம்மாள் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதோடு முடிந்தது என்று நான் மூச்சுவிட்டேன்.

"எங்கம்மாவும் வேணும், துரை."

எனக்கு இருமல் வந்துவிட்டது.

"கிழவி எதுக்கு?"

"கரண்டியால தாளம் தட்டுவாங்க. தாளம் தப்பினா பால் திரிஞ்சுரும்."

என் மாமியார் நடக்கும்போது இடது கால் ஒரு தாளம், வலது கால் வேறு தாளம். ஆனாலும் ஹகின்ஸ் துரை தலையாட்டிவிட்டார். நாங்கள் நால்வரும் ஒரே மரத்தடியில் சேர்ந்ததும் பங்கு கனத்துவிட்டது. சமப்படுத்துவதற்காக எங்கள் மரத்திலிருந்து குவாக்கோவையும் பியானோவையும் சில கோவேறு கழுதைகளையும் மற்ற மரங்களுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து எங்கே பியானோவைப் பார்த்தாலும் எனக்குத் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

"மாப்ள," என்றார் மாமியார் மரத்தடியில். "என்னைய மட்டும் டெக்ஸாஸுக்கு மூட்டை கட்டலாம்னு பாத்தியோ?"

"ஐயோ, சத்தியமா இல்ல அத்தை."

"உன் மூஞ்சியே சொல்லுதே."

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான் அத்தை. விசிலடிச்சு விசிலடிச்சுக் கோணிப்போச்சு."

மறுநாள் காலை கர்னல் துரையின் தொப்பியில் மூன்று சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். மூத்தவர் என்பதால் லூசியஸ் துரை முதலில் கையைவிட்டார். எடுத்தார். பிரித்தார். எங்கள் மரம்.

பீனா என் கையைப் பிடித்தாள். அவள் கை எப்போதும் அடுப்புச் சூடாக இருக்கும். அன்று கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

டெக்ஸாஸ் என்றாலும் நால்வரும் சேர்ந்துதானே போகிறோம் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அதற்கும் ஆயுள் அற்பம். ஜன்னல் வழியாக லூசியஸ் துரை ஹகின்ஸ் துரையிடம் சொன்னது கேட்டது: "சமையற்காரிய வெச்சுக்கறேன். அங்க கூடாரத்துல இருக்கறவனுக்கு விசில் எதுக்கு? அவனையும் கிழவியையும் குட்டியையும் போற வழியில வந்த விலைக்குத் தள்ளிருவேன்."

வண்டிகள் கிளம்ப வாரக் கடைசி வரை நேரம் இருந்தது. அன்று பிற்பகல் பீனாவிடம் சொன்னேன்: "விசில்தான் நம்மள ஒண்ணாச் சேத்துச்சு. அதையே கொஞ்சம் தூக்கலாப் போடணும்."

"உப்பு மாதிரியா?"

"உப்பு மாதிரிதான்."

லூசியஸ் துரை காபி கேட்டார். சீழ்க்கையோடு போனேன். தண்ணீர் கேட்டார். சீழ்க்கையோடு போனேன். சுருட்டு கேட்டார். சுருட்டும் வாய்க்குள் போகிற பண்டம்தானே? சீழ்க்கை. காய்ச்சல் மருந்துக்கு ஒரு கசப்பான ராகம். சவரத்துக்கு வெந்நீர் கொண்டுபோனபோதும் அடித்தேன். ஒரு சொட்டு வாயில் தெறித்துவிட்டால் குலவழக்கம் என்னாவது? அவர் திடுக்கிட்டு முகவாயைக் கீறிக்கொண்டார். தோட்டத்தில் உலாவப் போனார். பின்னாலேயே ஒரு குவளை மோரோடு நானும் உலாவினேன். அவர் திரும்பினால் நான் திரும்பினேன். மோர்தான் கொஞ்சம் சிந்தியது, சீழ்க்கை சிந்தவில்லை.

அடுத்த நாள் வழியனுப்ப அக்கம்பக்கத்துத் துரைமார் வந்திருந்தார்கள். லூசியஸ் துரை பல்லைக் கடித்துக்கொண்டு என் காதருகே சொன்னார்:

"நிறுத்துடா."

"நிறுத்தினா ராஜாவுக்கு அவமானம், துரை."

"எந்த ராஜாடா?"

"உங்க முப்பாட்டனார் வீட்டுல சாப்பிட்டாரே, அவருதான்."

கைத்தடி மேலே போனது. எனக்குப் பயம்தான், அதை மறைக்கப்போவதில்லை. ஆனாலும் சீழ்க்கையை விடவில்லை. விட்டால் அவர் அடிப்பதற்குக் காரணம் கிடைத்துவிடும்.

"லூசியஸ்!" என்றாள் லவீனியா அம்மாள், அத்தனை விருந்தாளிகளுக்கும் கேட்கும்படி. "அப்பாவோட விசில்! அதுக்கு மேலயா கை ஓங்குற?"

தடி மெதுவாகக் கீழே வந்தது. அதன்பின் அவருக்குத் தூரத்தில் கதவு கிரீச்சிட்டாலும் உடம்பு தூக்கிவாரிப்போட்டது. கொசு பாடினால் எழுந்து ஓடினார். எங்கள் ஊர்க் கொசு புறா அளவுதான் இருக்கும், பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை.

இன்னொரு பக்கம் ஹொரேஸ் துரை. பீனா இப்போது அண்ணன் சொத்து. ஆகவே அவள் சமையலும் அண்ணன் மேசைக்கு மட்டுமே. தம்பிக்குச் சமைத்தது அவர் பங்கில் விழுந்த குவாக்கோ. குவாக்கோ நெல் வயலில் மடை திறக்கிறவன். சோற்றையும் அப்படித்தான் வடித்தான், தண்ணீரெல்லாம் தட்டில் நிற்கும்படி. ஹொரேஸ் துரை இளைத்துப்போனார். வெயிலில் நின்றால் நிழல் விழவில்லை. காற்றடித்தபோது குவாக்கோ அவர் கோட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியில் அவர் அண்ணன் அறைக்கு வந்தார். நான் மூலையில் நின்று பல்குத்தும் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, அந்தச் சமையற்காரி குடும்பத்தை எனக்குக் குடுத்துரு."

லூசியஸ் துரைக்கு உள்ளே சந்தோஷம். ஆனால் வியாபாரி முகத்தை வைத்துக்கொண்டார். "எப்படிடா குடுக்கறது? அப்பா ஞாபகார்த்தமா என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். வேணும்னா அவளை மட்டும் எடுத்துக்க."

"அவளை மட்டும் வெச்சு நான் என்ன பண்றது? பாதி வெந்ததைத் திங்கவா? நாலு பேரும் வேணும்."

"அப்ப யோசிச்சுத்தான் சொல்லணும். ஒரு மாசமாவது..."

பல்குத்தும் குச்சியை வெள்ளித் தட்டில் வைத்துத் தூக்கினேன். சீழ்க்கையை எடுத்தேன்.

"குதிரையைக் குடு!" என்று கத்தினார் லூசியஸ் துரை.

"எந்தக் குதிரை?"

"சுல்தான்! உன் பங்குல விழுந்த பந்தயக் குதிரை! அதைக் குடு, இவனுங்க நாலு பேரையும் எடுத்துக்க, இப்பவே, இந்த நிமிஷமே!"

குச்சி அவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் வியாபாரம் முடிந்துவிட்டது. காரலினாவில் பந்தயக் குதிரைக்கு ஈடாகப் போன சீழ்க்கை என்னுடையது ஒன்றுதான். அந்தக் குதிரையை எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல குதிரை. ஆனால் சீழ்க்கை வராது.

வாரக் கடைசியில் வண்டிகள் டெக்ஸாஸுக்குக் கிளம்பின. சுல்தான் முன்னால் போனது. பின்னால் எங்கள் ஆட்கள் போனார்கள். குவாக்கோவின் தம்பி போனான். அவன் பெண்டாட்டி லவீனியா அம்மாளோடு சார்ல்ஸ்டனுக்குப் போனாள். என் சீழ்க்கைக்கு அவ்வளவு நீளம் இல்லை. வண்டிகள் வளைவில் மறையும்வரை நாங்கள் நின்று பாடினோம். அவர்களும் பாடினார்கள். அந்தப் பாட்டைப் பற்றி நான் கதை கட்டுவதில்லை.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் குடிசையில் நால்வரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். மாமியார் தன் தலையணையை என் இடத்தில் போட்டுவிட்டிருந்தார். ஜூனோ பாதி என் மடியிலும் பாதி பீனா மடியிலுமாகப் படுத்துக்கொண்டு, எல்லோரும் போதும் போதும் என்கிற அளவுக்குச் சீழ்க்கையடித்தது. பீனா மட்டும் சாப்பிடவில்லை. அவள் கை அம்மா தோளைத் தொட்டது, பிள்ளை தலையைத் தொட்டது, என் கன்னத்தைத் தொட்டது. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தது.

"என்னடி, தொட்டுத் தொட்டுப் பாக்குற?" என்றேன்.

"வெந்துருச்சான்னு பாக்குறேன்."

"வெந்துருச்சா?"

"நல்லாவே வெந்துருக்கு," என்றாள் பீனா. சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பில் பக்கத்துப் பண்ணைக் கோழிகள் அந்த நேரத்தில் எழுந்து முட்டையிட்டன. கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

"சிரிச்சது போதும்," என்றார் மாமியார். "நகந்து படு மாப்ள. நாலு பேர் படுக்கணும்."

நகர்ந்தேன். இடம் போதவே இல்லை. அவ்வளவு சௌகரியமாக நான் அதற்கு முன்பு தூங்கியதில்லை.